ஐ-யும் ஏ-யும் தொலைந்த விரிதாள்

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக என்னை அலைக்கழித்த பிழை நேற்றிரவு அகப்பட்டது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

கையிலுள்ள எழுத்துகளைக் கொடுத்தால், அவற்றுக்குள் அடங்கும் ஆங்கிலச் சொற்களையெல்லாம் எடுத்துக் காட்டும் விரிதாள் ஒன்றைச் செய்துவருகிறேன். ஆட்டத்தின் நடுவே ஒளித்துப் பார்ப்பதற்கல்ல. பினாங்கின் ஆயர் ஈத்தாமில் அக்கா வீட்டில், எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் ஆடித் தோற்ற பிறகு, எதையெல்லாம் கோட்டைவிட்டேன் என்று பார்த்து வயிறெரிவதற்கு.

முறை நீங்கள் அறிந்ததுதான். ஏ-க்கு 2, பி-க்கு 3, அப்படியே போய் இசட்டுக்கு 101 என்று எழுத்துக்கு ஒரு பகா எண். கையிருப்பின் பெருக்குத்தொகை, சொல்லின் பெருக்குத்தொகையால் மீதியின்றி வகுபட்டால் சொல் உள்ளே அடங்கும். ஒரே எழுத்து இரண்டு முறை வந்தாலும் தனியாக எண்ண வேண்டியதில்லை. தமிழில் குறிப்பெழுதும் எனக்கு இன்னொரு லாபமும் உண்டு. ஆங்கிலத்தின் இரண்டு டி-யும் (D, T) நம் எழுத்தில் ஒன்றாகிவிடும். இங்கே ஒன்று 7, மற்றது 71. குழப்பமே இல்லை.

சொற்களுக்கு, இலவசமாகக் கிடைக்கும் எனேபிள் பட்டியல்: 172,820 சொற்கள். அக்கா காலின்ஸ் என்ற இன்னொரு சொற்பட்டியலின் கட்சி. அது இதைவிடப் பெரியது என்பதை ஒவ்வொரு வாரமும் நினைவூட்டாமல் தேநீர் தரமாட்டார்.

அன்று எனக்கு வந்த ஏழு கட்டைகள்: ஏ, ஈ, ஐ, என், ஆர், எஸ், 71-ஆம் டி. ஆடுகிறவர்கள் கனவில் காணும் கை. பட்டியலில் இந்த ஏழுக்கு மட்டும் ஒன்பது ஏழெழுத்துச் சொற்கள் இருக்கின்றன. ஏழையும் இறக்கினால் கூடுதலாக 50 புள்ளி. பலகையில்தான் இடமில்லை. ஆட்டம் முடிந்ததும், இந்த ஏழுக்குள் அடங்கும் ஈரெழுத்துச் சொற்களைக் காட்டு என்றார் அக்கா. 'ஏஐ' (ai) என்ற சொல் வரவில்லை. மூன்று விரல்களோடு மரத்தில் தொங்கும் தென்னமெரிக்க விலங்கு. ஸ்கிராபிள் ஆடுகிறவர்களுக்கு அரிச்சுவடிச் சொல்.

"உன் தாளுக்குக் கண் பார்வை மங்கல், தம்பி" என்றார்.

பட்டியலில் சொல் இருக்கிறது. எண்ணும் சரி: 2 பெருக்கல் 23, 46. கைக்கணக்கில் மீதியின்றி வகுபடுகிறது. ஆனால் தாள் மட்டும் 'இல்லை' என்கிறது. 'ஏஈ'-யும் அப்படியே காணவில்லை. 'ஏஎன்' மட்டும் சமர்த்தாக வந்து நிற்கிறது! நீளமான சொல்லில் சிக்கல் வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். எண் பெரிதாகும் இடம் அதுதானே. இரண்டே எழுத்துள்ள சொல் ஏன் தொலைய வேண்டும்?

பாதிக் குற்றம் என்னுடையது. தாளில் பிழைக்குறிகள் கண்ணை உறுத்துகின்றன என்று, பிழை வந்தால் 'இல்லை' என்று எழுதும்படி அலங்காரம் செய்து வைத்திருந்தேன். நேற்று அந்தப் போர்வையை விலக்கியதும் உண்மை தெரிந்தது. 'ஏஐ' வரிசையில் மீதி பூஜ்யமும் இல்லை, வேறெதுவும் இல்லை. எண் பிழை என்ற குறி.

என் மடிக்கணினியில் இருக்கும் விரிதாள் பழைய பதிப்பு. மீதி காணும் 'மாட்' சார்புக்கு அதில் ஒரு வரம்பு உண்டு. வகுக்கும் எண்ணை 134,217,728-ஆல் பெருக்கி வரும் அளவை வகுபடும் எண் எட்டிவிட்டால், கையை விரித்துவிடும். என் ஏழு எழுத்துகளின் பெருக்குத்தொகை 6,313,671,166. 46-க்கு வரம்பு 6,174,015,488. மயிரிழையில் போயிற்று. 'ஏஎன்' 86; அதற்கு வரம்பு ஆயிரம் கோடிக்கு மேல், தப்பிவிட்டது. ஆக, சொல் சிறிதாக ஆக ஆபத்து அதிகம். நான் தேடியதெல்லாம் நேர் எதிர்த் திசையில்.

தீர்வு ஒரு வரி. 'மாட்'டைத் தூக்கிவிட்டு, வகுத்து, முழு எண்ணை மட்டும் எடுத்து, மறுபடி பெருக்கிக் கழித்தேன். 'ஏஐ' வந்து தொங்கியது. இரவு ஒரு மணிக்குத் தனியாகச் சிரித்தேன்.

இதெல்லாம் தேவைப்படாத ஒருவரும் இதே மலேசியாவில்தான் குடியிருக்கிறார் என்பதை நினைத்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. நியூசிலாந்துக்காரரான நைஜல் ரிச்சர்ட்ஸ் ஐந்து முறை உலகப் பட்டம் வென்றவர். 2015-இல் பிரெஞ்சு பேசத் தெரியாமலே பிரெஞ்சு ஸ்கிராபிள் பட்டத்தையும் தட்டிச் சென்றார். அவருடைய விரிதாள் மண்டைக்குள் இருக்கிறது.

கட்டைகளைப் பற்றி ஒரு வார்த்தை. சௌராஸ்தா சந்தையின் மாடியில், பழைய புத்தகங்களுக்கு நடுவே 12 வெள்ளிக்கு ஒரு பெட்டி வாங்கினேன். 100 இருக்க வேண்டும், 98 இருந்தன. காணாமல் போன இரண்டில் ஒன்று எஸ். முழுப் பெட்டியிலும் எஸ் இருப்பதே நான்கு! ஐஸ்கிரீம் குச்சியை நறுக்கி ஒன்று செய்தேன். பையில் கைவிட்டுத் தடவினாலே அது எது என்று தெரிந்துவிடுகிறது என்பதால் அக்கா தடை போட்டுவிட்டார்.

இன்னும் முடியாதது வெற்றுக் கட்டை, அதாவது எந்த எழுத்தாகவும் வைத்துக்கொள்ளக்கூடிய எழுத்தில்லாக் கட்டை. சொல்லின் எண்ணை, அதற்கும் கையின் எண்ணுக்கும் உள்ள மீப்பெரு பொது வகு எண்ணால் வகுத்தால், கையில் இல்லாத எழுத்து மிஞ்சும். மிஞ்சுவது 101-க்குள் இருந்தால் ஒரே எழுத்துதான் குறைவு என்று எழுதிவைத்தேன். 14-உம் 101-க்குள்தான், அது ஏ-யும் 7-ஆம் டி-யும் சேர்ந்தது. ஒரு வெற்றுக் கட்டைக்கு இரண்டு எழுத்துகளை வாரி வழங்கிக்கொண்டிருந்தது தாள். இப்போது 26 எண்களின் பட்டியலோடு ஒப்பிடுகிறேன், சரியாகிவிட்டது. இரண்டு வெற்றுக் கட்டைகளுக்கு 351 எண்கள் வேண்டும். அதை இன்று முடிப்பதாகத்தான் இருந்தேன்.

அதற்குள் தமிழுக்கு ஒரு தாள் தொடங்கிவிட்டேன். 247 எழுத்து என்றால் கடைசிப் பகா எண் 1567. விரிதாள் துல்லியமாகத் தாங்குவது 15 இலக்கம். கடைசி வரிசை எழுத்துகள் ஐந்து சேர்ந்தாலே 16 ஆகிவிடும். அடிக்கடி வரும் க், த், ம் போன்றவற்றுக்குச் சின்ன எண்களைக் கொடுத்தால் சமாளிக்கலாம் என்று தோன்றுகிறது. இப்போதைக்கு 'னௌ'-வுக்குத்தான் 1567.