அப்பாவின் பெயரோடு கலிமா சொன்னேன்

திருமணப் பேச்சு எழுந்த மூன்றாம் மாதம் நானும் அவரும் தேசியப் பதிவிலாகாவின் கவுண்டர் முன்னால் உட்கார்ந்திருந்தோம். இருவரின் அடையாள அட்டையையும் வாங்கிப் பார்த்த அம்மையார், அவருடைய அட்டையில் அச்சாகியிருந்த 'இஸ்லாம்' என்ற சொல்லின் மேல் விரலை வைத்தார். "இந்தப் பதிவு உங்களுக்கு இல்லை" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. பலரிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய குரல்.

மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்துக்கு 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் இருக்கிறது. மணமக்களில் ஒருவர் முஸ்லிமாக இருந்தாலும் அதன்கீழ் பதிய முடியாது என்று அதன் 3ஆம் பிரிவே கதவைச் சாத்திவிடுகிறது. இஸ்லாமியக் குடும்பச் சட்டத்தின் பக்கம் போனால், முஸ்லிம் ஆண் வேதக்காரப் பெண்ணை, அதாவது யூத அல்லது கிறிஸ்தவப் பெண்ணை, மணக்கலாம் என்று ஓர் இடம் உண்டு. ஆனால் யார் வேதக்காரர் என்பதற்குச் சட்டம் தரும் விளக்கம் மிகக் குறுகியது. கிறிஸ்தவத் தமிழ்ப் பெண்ணுக்கே அந்த வழி திறப்பதில்லை என்னும்போது, இந்துவான எனக்கு அந்தப் பேச்சே இல்லை. தமிழ்நாட்டில் இருக்கும் என் அத்தை மகள் தொலைபேசியில், "அங்கே 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம் மாதிரி எதுவும் இல்லையா? அவரவர் மதத்திலேயே இருந்துகொண்டு பதிவு செய்யலாமே" என்று வியந்தாள். இங்கே இல்லை. பிரிய வேண்டும், அல்லது நான் மாற வேண்டும்.

நாங்கள் இருவரும் தமிழர்கள். அவர் பாட்டனார் கடையநல்லூரிலிருந்து பினாங்குக்கு வந்தவர். என் அப்பா கிள்ளானில் துறைமுக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர்கள் வீட்டிலும் எங்கள் வீட்டிலும் ஒரே மொழி, ஏறத்தாழ ஒரே குழம்பு. அதனாலேயே, 'பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை, ஒரு கையெழுத்துதானே' என்று சுற்றியிருந்தவர்கள் எளிதாகச் சொன்னார்கள். அந்தச் சொல்லை நம்பாதீர்கள் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் என்னை அவசரப்படுத்தவில்லை. "முதலில் படி. மனம் ஒப்பவில்லை என்றால் அதை மறைக்காமல் என்னிடம் சொல்" என்றார். சனிக்கிழமைதோறும் தமிழ் பேசும் ஓர் உஸ்தாத் வீட்டுக்குப் போனேன். பெரும்பாலும் அவர் மனைவிதான் பாடம் நடத்துவார். நான் ஒருவரை மணப்பதற்காகத்தான் அந்த வாசலை மிதித்தேன்; இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அந்த அம்மாவிடமும் முதல் நாளே சொல்லிவிட்டேன். அவர் முகம் சுளிக்கவில்லை. "எதற்காக வந்தாய் என்பது உனக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில். ஆனால் நம்பாததை நாவால் மட்டும் சொல்லாதே. அது உனக்கும் நல்லதில்லை, எங்களுக்கும் நல்லதில்லை" என்றார்.

ஏழு மாதம் படித்தேன். குர்ஆனின் 112ஆம் அத்தியாயம் நான்கே வசனங்கள். இறைவன் ஒருவன், எவரிடமும் தேவையற்றவன், அவன் பெறவும் இல்லை, பெறப்படவும் இல்லை, அவனுக்கு நிகர் எவரும் இல்லை. அந்த இரண்டாவது வசனம் என்னைப் பிடித்துக்கொண்டது. பஸ்ஸில் போகும்போதும் அதையே நினைத்துக்கொண்டு போவேன். கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவில் வெள்ளிக்கிழமை குத்பா என்னும் சொற்பொழிவு தமிழில் நடக்கும் என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். மதம் மாறினால் மொழியும் போய்விடும் என்ற பயம் எனக்குள் இருந்தது. அது அங்கே தீர்ந்தது.

இதற்கிடையில் வழக்கறிஞராக இருக்கும் தோழி ஒருத்தியிடம் போனேன். மாற நினைக்கும் ஒவ்வொருவரும் இந்த ஒரு மணி நேரத்தைச் செலவழிக்க வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன். உள்ளே போவது எளிது, வெளியே வருவது அப்படியல்ல என்று அவள் தொடங்கினாள். லீனா ஜோய் வழக்கைச் சொன்னாள். கிறிஸ்தவராகிவிட்ட அவர் தன் அடையாள அட்டையிலிருந்து 'இஸ்லாம்' என்ற சொல்லை நீக்கக் கேட்டார். 2007 மே 30 அன்று கூட்டரசு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் மறுத்துவிட்டது. "நாளை உங்கள் மணவாழ்க்கை முறிந்தாலும் நீ முஸ்லிம்தான். பிறக்கும் பிள்ளைகளும் அப்படித்தான். மணவிலக்கு, பிள்ளைகளின் பொறுப்பு எல்லாம் ஷரியா நீதிமன்றத்தில். இதை இன்றே ஏற்றுக்கொள்ள முடிந்தால் போ. 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்றால் போகாதே" என்றாள். அன்று இரவு முழுவதும் அதைப் புரட்டிப் புரட்டி யோசித்தேன். விடியும்போது என் பதில் தெளிவாக இருந்தது.

அம்மாவிடம் சொன்ன நாளைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. கூடத்தில் முறத்தை வைத்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடித்ததும் கை நின்றது. அழுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "மூர்த்திக்கு நடந்தது உனக்குத் தெரியுமா?"

இந்த நாட்டில் எங்கள் தலைமுறைத் தாய்மார்களுக்கு அந்தப் பெயரை விளக்கத் தேவையில்லை. 1997இல் எவரெஸ்டுக்குப் போன மலேசியக் குழுவில் இருந்த இராணுவ வீரர் அவர். 2005 டிசம்பரில் இறந்தபோது, அவர் மதம் மாறியிருந்தார் என்று சமய அதிகாரிகள் சொன்னார்கள். கடைசிவரை இந்துவாகவே வாழ்ந்தார் என்று மனைவி சொன்னார். ஷரியா நீதிமன்றம் அவரை முஸ்லிம் என்றது; அதில் தலையிட அதிகாரமில்லை என்றது உயர் நீதிமன்றம். உடல் இஸ்லாமிய முறைப்படி அடக்கம் செய்யப்பட்டது. யார் சொன்னது உண்மை என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் இறந்த கணவரைப் பற்றி ஒரு பெண் பிறர் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ள நேர்ந்ததே, அந்தக் கொடுமைதான் அம்மாவின் கண்ணில் நின்றது.

"எனக்கு ஒன்று ஆகிவிட்டால் நீ வாய்க்கரிசி போடுவாயா?" என்று கேட்டார். பொய் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்துக்கு அம்மா சமாதானமாகியிருப்பார். "சடங்கில் என் கை இருக்காது அம்மா. ஆனால் உங்களை விட்டு ஓர் அடி நகர மாட்டேன். செலவும் வேலையும் என்னுடையது" என்றேன். அவர் முறத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார். பதினாறு நாள் என்னிடம் பேசவில்லை. அப்பா மட்டும் இரவில் வந்து, "பெயரையும் மாற்றுவார்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்கு அப்போது பதில் தெரியவில்லை.

மதம் மாறும் நாளுக்கு அடையாள அட்டையின் நகல், பிறப்புச் சான்றிதழ் நகல், புகைப்படங்கள், முஸ்லிம் சாட்சிகள் இருவர், இவ்வளவுதான் தேவைப்பட்டது. ஆவணங்கள் மாநிலத்துக்கு மாநிலம் சற்று மாறும். உங்கள் மாவட்டச் சமய அலுவலகத்தில் முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். பதினெட்டு வயது நிறைந்தவர் தாமே முடிவெடுக்கலாம். அதிகாரி முதலில் என்னைத் தனியே உட்கார வைத்து, யாராவது வற்புறுத்தினார்களா, மிரட்டினார்களா, சொல்லப்போவதன் பொருள் தெரியுமா என்று கேட்டார். அந்தக் கேள்விகளை அவர் சடங்குக்காகக் கேட்கவில்லை, என் கண்ணைப் பார்த்துக் கேட்டார். அதற்காக அவருக்கு நன்றி.

பிறகு கலிமா, இஸ்லாத்தில் நுழையும் உறுதிமொழி. 'அஷ்ஹது' என்ற முதல் சொல்லே எனக்குத் தடுக்கியது. ஏழு மாதம் தடையின்றிச் சொன்ன நாக்கு அங்கே உலர்ந்துவிட்டது. அதிகாரி ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார், நான் பின்தொடர்ந்தேன். மூன்றாம் முறை முழுமையாக வந்தது. வணக்கத்துக்குரியவன் அல்லாஹ்வைத் தவிர வேறெவரும் இல்லை, முஹம்மது அல்லாஹ்வின் தூதர் என்று சாட்சி சொல்கிறேன் என்று தமிழிலும் எனக்காக ஒருமுறை சொல்லிக்கொண்டேன். எல்லாம் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. சாட்சிக்கு வந்திருந்த அவருடைய மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கையெழுத்துக்குப் படிவத்தை என் பக்கம் திருப்பினார்கள். என் பெயருக்குப் பின்னால் 'பிந்தி அப்துல்லாஹ்', அதாவது அப்துல்லாஹ்வின் மகள், என்று பென்சிலால் எழுதியிருந்தது. அப்துல்லாஹ் என்றால் அல்லாஹ்வின் அடியார் என்று பொருள். புதிதாக இஸ்லாத்துக்கு வருகிறவர்களுக்குத் தந்தை பெயர் இருக்குமிடத்தில் அதைப் போடுவது இங்கே நெடுநாள் வழக்கம். என் அப்பாவின் பெயரைக் காணவில்லை. நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். "என் அப்பா உயிரோடு இருக்கிறார்" என்றுதான் வாயில் வந்தது.

நல்ல வேளை, மாமா ஹஸ்ரத்துக்கு, அதாவது மார்க்க அறிஞராக, படித்தவர். அவர் மலாயில் மிகப் பணிவாகப் பேசினார். அவர்களை அவர்களுடைய தந்தையரின் பெயராலேயே அழையுங்கள் என்பது குர்ஆன், 33ஆம் அத்தியாயம், ஐந்தாம் வசனம். நபித்தோழர் உமர், கத்தாபின் மகன் என்றேதான் கடைசிவரை அழைக்கப்பட்டார். இஸ்லாத்தின் கடும் பகைவனான அபூஜஹலின் மகன் இக்ரிமாவுக்குக்கூட யாரும் தந்தை பெயரை மாற்றவில்லை. அதிகாரி சற்று யோசித்தார், உள்ளே போய் யாரிடமோ கேட்டு வந்தார், பென்சில் எழுத்தை அழித்தார். மார்க்கத்தில் அது கட்டாயமில்லை என்று அவரும் ஒப்புக்கொண்டார். என் சொந்தப் பெயருக்கும் மாற்றம் தேவைப்படவில்லை. கெட்ட பொருள் தராத பெயராக இருந்தால் போதும். என் பெயர் ஒரு பூவின் பெயர். பலர் வெட்கப்பட்டோ பயந்தோ அந்த இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். பிறகு வங்கி, பட்டச் சான்றிதழ், நிலப் பத்திரம் என்று ஆயுள் முழுவதும் இரண்டு பெயர்களோடு அலைகிறார்கள். பென்சிலாக இருக்கும்போதே பேசிவிடுங்கள்.

புதிய அடையாள அட்டை வந்ததும் அப்பாவிடம் நீட்டினேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, தன் பெயரை எழுத்துக்கூட்டுவதுபோல் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. அன்று மாலை அவரே கடைக்குப் போய், ஹலால் முத்திரை பார்த்துக் கோழி வாங்கி வந்தார்.

மற்றவை விரைவாக முடிந்தன. இரண்டு நாள் திருமண முன்பயிற்சி வகுப்பு, அரசாங்கச் சுகாதார நிலையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை, பிறகு திருமண அனுமதிக்கான விண்ணப்பம். இவை எல்லா முஸ்லிம் மணமக்களுக்கும் உள்ளவைதான். எனக்கென்று தனியாக இருந்தது ஒன்று. நிக்காஹில் பெண்ணின் சார்பில் வலீ என்னும் பொறுப்பாளர் வேண்டும். அது தந்தையின் உரிமை. தந்தையும் அவர் வழி ஆண் உறவினரும் முஸ்லிம் இல்லையென்றால் அந்த இடத்தில் வலீ ஹாக்கிம், அதாவது அரசு நியமித்த அதிகாரி, அமர்வார். என்னை வளர்த்தவர் பக்கத்தில் இருக்க, அறிமுகமில்லாத ஒருவர் என்னைக் கைப்பிடித்துக் கொடுப்பார். நான் மாறியதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. இதில் மட்டும் இன்றும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

அவருடைய அத்தாவுக்கு, அதாவது தந்தைக்கு, அது புரிந்திருந்தது. நிக்காஹை நடத்தும் காடி வருவதற்கு முன், சபை நிறைந்திருக்கும்போது அவர் எழுந்து நேராக அப்பாவிடம் வந்தார். இரண்டு கைகளாலும் அப்பாவின் கையைப் பற்றிக்கொண்டு, "உங்கள் பெண்ணை எங்கள் வீட்டுக்குக் கேட்கிறேன். உங்களுக்குச் சம்மதமா?" என்று தமிழில் கேட்டார். எந்தச் சட்டத்திலும் இல்லாத கேள்வி அது. "சம்மதம்" என்று அப்பா உரக்கச் சொன்னார். அதன் பிறகுதான் மற்றவை நடந்தன. மாமி கருகமணி கட்டும்போது அம்மா எழுந்து வந்து, என் பின்னலை விலக்கிப் பிடித்துக்கொண்டார்.

பணம், சொத்து பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. முஸ்லிம் ஒருவர் இறந்தால் அவர் சொத்து பராயித் என்னும் இஸ்லாமிய வாரிசுரிமை முறையில் பங்கிடப்படும். அதில் முஸ்லிம் அல்லாத தாய் தந்தைக்குப் பங்கு வராது. ஊழியர் சேமநிதியில் நான் அம்மாவின் பெயரைத்தான் கொடுத்திருந்தேன். முஸ்லிம் உறுப்பினர் விஷயத்தில், பெயர் குறிக்கப்பட்டவர் பணத்தை எடுத்து வாரிசுகளுக்குப் பங்கிடும் பொறுப்பாளர் மட்டுமே. பணம் அவருக்குச் சொந்தமாகாது. அம்மா வெறும் கையோடு நிற்பார் என்று தெரிந்தபோது எனக்கு வயிறு கலங்கியது. ஆனால் மார்க்கமே அதற்கு வழியும் வைத்திருக்கிறது. சொத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை வாரிசு அல்லாதவர்களுக்கு வசியத், அதாவது உயில், எழுதலாம். உயிரோடு இருக்கும்போதே ஹிபாவாக, அன்பளிப்பாகக் கொடுத்துவிடவும் செய்யலாம். திருமணமான ஆறாம் வாரம் என் கணவரே அழைத்துப்போய் வசியத் எழுத வைத்தார். என் பெற்றோர் இருவருக்கும் சேர்த்து அந்த மூன்றில் ஒரு பங்கு.

அந்த வசியத்தின் நகலையும் மதம் மாறிய சான்றிதழின் நகலையும் அம்மாவிடம் கொடுத்தேன். எனக்கு ஏதாவது ஆனால் என்னை எங்கே, எப்படி அடக்கம் செய்வார்கள், அதற்குமுன் அவர் என் பக்கத்தில் இருக்க யாருக்கு முதலில் தொலைபேசி செய்ய வேண்டும் என்று தமிழில் ஒரு தாளில் எழுதி, நானும் கணவரும் கையெழுத்துப் போட்டு அதையும் சேர்த்து வைத்தேன். அம்மா முழுவதையும் இரண்டு முறை படித்தார். பிறகு அலமாரியின் மேலிருந்து பழைய பிஸ்கட் டின்னை இறக்கி, என் பிறப்புச் சான்றிதழுக்கு அடியில் மூன்றையும் மடித்து வைத்தார். "இனிமேல் யார் வந்து என்ன சொன்னாலும் என்னிடம் காகிதம் இருக்கிறது" என்றார்.