ஒரு வாக்கியத்துக்குள் எத்தனை பேர்?

தமிழில் தெளிவாக எழுத வேண்டுமென்றால் நீண்ட வாக்கியங்களைத் துண்டு துண்டாக நறுக்க வேண்டும் என்று அறிவுரை சொல்வார்கள். அதை நான் ஏற்பதில்லை. ரங்கூனில் வளர்ந்த எனக்குத் தமிழ் எழுதக் கற்றுக்கொடுத்தது பள்ளிக்கூடமன்று. 1965இல் தனியார் பள்ளிகள் அரசுடைமையான பின்னர், எங்களைப் போன்ற பலர் கோயில் மண்டபத்து ஞாயிறு வகுப்புகளில்தான் எழுத்துக்கூட்டிப் படித்தோம். மற்றப் படிப்பெல்லாம் பர்மிய மொழியில். அந்த மொழியும் தமிழைப் போலவே வினையைக் கடைசியில் வைக்கும். ‘நேற்று வந்த ஆள்’ என்பதை ‘மனேக லாதெ லூ’ என்று அதே வரிசையில் சொல்லும். ஆகவே நீண்ட வாக்கியம் எனக்கு ஒருபோதும் அந்நியமாக இருந்ததில்லை.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. பர்மிய வினையின் ஈறு செய்தவர் யாரென்று காட்டாது. நான் வந்தாலும் அவர் வந்தாலும் வடிவம் ஒன்றே. அந்தப் பழக்கத்தில், தஞ்சாவூரில் இருந்த பெரியப்பாவுக்கு ஒருமுறை இப்படி எழுதினேன்: “அண்ணன் மாந்தலேயிலிருந்து வந்து, அம்மா பார்த்து, அழுது, தேநீர் கொண்டுவந்து, எல்லோரும் உட்கார்ந்தோம்.” அழுதது அண்ணனா அம்மாவா என்று கேட்டுப் பதில் வந்தது.

‘முதனிலை மூன்றும் வினைமுதல் முடிபின’ என்கிறது தொல்காப்பியத்தின் வினையியல். வினையெச்சங்களின் பட்டியலில் முதலில் வரும் செய்து, செய்யூ, செய்பு என்னும் மூன்றுக்கும் (‘வந்து’, ‘பார்த்து’ போன்ற, முற்றுப்பெறாத வினைகளுக்கு) உரியவரே முடிக்கும் வினைக்கும் உரியவராக இருக்க வேண்டும் என்பது அதன் பொருள். இந்த ஒரு விதியை நான் பதினைந்து வயதில் அறிந்திருந்தால் எத்தனையோ கடிதங்கள் தெளிவாகப் போயிருக்கும். ஆள் மாறும் இடத்தில் ‘வந்து’ பொருந்தாது. ‘வர’, ‘வந்ததும்’, ‘வந்தபோது’ ஆகியவற்றில் ஒன்று வேண்டும், இல்லையேல் முற்றுப்புள்ளி வேண்டும். “அண்ணன் மாந்தலேயிலிருந்து வந்ததும் அம்மா அவரைப் பார்த்து அழுதார். பிறகு அம்மாவே தேநீர் கொண்டுவர, எல்லோரும் உட்கார்ந்தோம்.” நீளம் ஏறக்குறைய அதேதான், குழப்பம் மட்டும் இல்லை. எல்லாவற்றையும் துண்டு துண்டாக நறுக்கச் சொல்லும் அந்த அறிவுரையை நான் ஏற்காததற்குக் காரணம் இதுவே.

‘வந்த’, ‘வாங்கிய’ என்று பெயரைத் தழுவி நிற்கும் பெயரெச்சத்திலும் ஓர் எச்சரிக்கை உண்டு. “நேற்று மாந்தலேயிலிருந்து வந்த அண்ணன் வாங்கிய புத்தகம்” என்றால், நேற்று நடந்தது வருகையா, வாங்கியதா? வாங்கியதுதான் என்றால், ‘நேற்று’ என்பதை ‘வாங்கிய’ என்பதன் முன்னால் நகர்த்தினால் போதும்.

இப்போது ஞாயிறு வகுப்பில் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்தும்போது, ஒவ்வொரு வினையெச்சத்தின் கீழும் அதைச் செய்தவரின் பெயரைப் பென்சிலால் எழுதச் சொல்கிறேன். பெயர் மாறும் இடத்தில் அவர்களே நின்று, ‘வந்து’ என்பதை அழித்துவிட்டு ‘வந்ததும்’ என்று எழுதுகிறார்கள்.