ஈஸ்ட் கோஸ்ட் காற்றில் ஜட்ஜ்மென்ட்

சிங்கப்பூரில் லிட்டில் இந்தியாவிலிருந்து ஈஸ்ட் கோஸ்ட் பார்க்குக்கு இப்போது ரயிலிலேயே போய்விடலாம். அவுட்ரம் பார்க்கில் மாறி மரின் பரேடில் இறங்க வேண்டும். 2024 ஜூனில் திறந்த நிலையம். விரைவுச்சாலைக்கு அடியில் போகும் சுரங்கப்பாதையைத் தாண்டினால் கடற்கரை. அலையைவிடக் கப்பல்கள்தான் கண்ணில் படுகின்றன, வரிசை கட்டி நங்கூரமிட்டு நிற்கின்றன. நாம் உட்காரும் மண்ணே கடலைத் தூர்த்து எடுத்தது.

அண்ணன், அண்ணி, அவர்கள் மகன், நான். நாலு பேர் என்றதும் பையன், "சித்தப்பா, பிரிட்ஜ் ஆடலாம் லா" என்றான். இங்கே மாணவர்களிடம் பரவலாக இருக்கும் சிங்கப்பூர் பிரிட்ஜ் என்ற சீட்டாட்டம்தான் அது. ஏலம் எடுத்தவர் ஒரு சீட்டின் பெயரைச் சொல்வார். அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் கூட்டாளி. அந்தச் சீட்டு விழும்வரை அவர் வாய் திறக்கக் கூடாது. எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. அண்ணிக்கு இந்த ரகசியமெல்லாம் ஒத்துவராது. எனவே ஜட்ஜ்மென்ட்.

ஆட்டம் எளிது. கையில் வந்த சீட்டைப் பார்த்து எத்தனை பிடி எடுப்பேன் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஆளுக்கொரு சீட்டு இறக்க, ஜெயித்தவர் அள்ளுவது ஒரு பிடி. சொன்னதை அப்படியே எடுக்க வேண்டும். கூடினாலும் தப்பு, குறைந்தாலும் தப்பு. எட்டுச் சீட்டில் தொடங்கி ஒன்றுவரை இறங்கினோம். மற்ற ரகங்களை வெட்டும் துருப்பு, சுற்றுக்குச் சுற்று இஸ்பேட், டைமன், கிளாவர், ஆர்ட்டின் என்று முறைவைத்து மாறும். காற்று பலமாக இருந்ததால் எடுத்த பிடியையெல்லாம் தண்ணீர் பாட்டிலுக்கு அடியில் செருகி வைத்தோம். காசு கிடையாது. 2022இல் வந்த சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம் வீட்டுக்குள் உறவினர்களும் நண்பர்களும் ஆடுவதற்கு விலக்கு தருகிறது, கடற்கரை வீடல்லவே.

இந்த ஆட்டத்தின் உயிர் ஒரே ஒரு விதியில் இருக்கிறது. எல்லோரும் சொன்ன எண்ணைக் கூட்டினால் அந்தச் சுற்றில் ஒருவர் கையில் இருக்கும் சீட்டின் எண்ணிக்கை வரக் கூடாது. சீட்டைப் பிரித்துப் போட்டவர்தான் கடைசியாகச் சொல்வார், அடி அவருக்குத்தான். டைமன் துருப்பான சுற்றில் நான்தான் போட்டேன். அண்ணி இரண்டு, பையன் மூன்று, அண்ணன் ஒன்று. ஆக ஆறு. என்னிடம் கிளாவர் ஆஸ், ஒரு டைமன் நாலு, மிச்சமெல்லாம் குப்பை. ஒன்று என்று சொல்லத்தான் கை துடித்தது, சொல்லக் கூடாது. சைபர் என்றால் மொத்தம் ஆறு, பிடி ஏழு: எல்லோரும் பிடியை அடுத்தவர் தலையில் தள்ளப் பார்ப்பார்கள். இரண்டு என்றால் மொத்தம் எட்டு: அடிதடி. கையில் இஸ்பேட் ஒன்றுகூட இல்லாததால் இரண்டு என்றேன். அண்ணன் இஸ்பேட் ராஜாவை இறக்கியதும் டைமன் நாலால் வெட்டினேன். அந்தச் சுகமே தனி.

புள்ளி எழுதுவதில்தான் சண்டை வந்தது. எங்கள் வீட்டு வழக்கப்படி சொன்னது பலித்தால் பத்தோடு சொன்ன எண்ணும் சேரும், தவறினால் சைபர். ஒன்றில் தவறினாலும் ஐந்தில் தவறினாலும் அதே சைபர்தான். அண்ணிக்கு இது நன்றாகத் தெரியும். அடுத்த சுற்றில் சைபர் சொல்லிவிட்டு முதல் பிடியிலேயே மாட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு கையில் கிடைத்ததையெல்லாம் வாரினார். பையனுக்கு வர வேண்டிய பிடியும் போயிற்று.

"அம்மா, உங்களுக்குத்தான் எப்படியும் சைபராச்சே, என்னோடத ஏன் கெடுக்குறீங்க?"

"நான் மட்டும் ஏன் தனியா மூழ்கணும்?"

பையன் வேறு கணக்கு கொண்டுவந்தான். கனடாக்காரர் கென் ஃபிஷர் 1984இல் உருவாக்கிய விசார்ட் ஆட்டத்தின் கணக்கு அது. பலித்தால் இருபது, எடுத்த ஒவ்வொரு பிடிக்கும் இன்னொரு பத்து. தவறினால் எத்தனை தள்ளிப்போனதோ அத்தனை பத்து கழியும். மூன்று சொல்லி மூன்று எடுத்தால் ஐம்பது. மூன்று சொல்லி ஒன்றே வந்தால் மைனஸ் இருபது. அந்த ஆட்டத்துக்கு அறுபது சீட்டு உண்டு. எங்களிடம் சாதாரணக் கட்டுதான், கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டோம். என்னைக் கேட்டால் இதுவே நியாயம். சொன்னது தவறியவரும் கடைசிப் பிடிவரை கவனமாக ஆட வேண்டியிருக்கிறது.

அண்ணி முணுமுணுத்தபடி சம்மதித்தார். பிறகு ராஜாவும் ராணியும் வந்தால் தவிர, சுற்றுக்குச் சுற்று சைபர்தான் சொன்னார். பெரிய சீட்டையெல்லாம் அடுத்தவர் ஆஸுக்குக் கீழே நைசாகக் கழற்றிவிட்டு, பலிக்கும்போதெல்லாம் இருபது இருபதாகச் சேர்த்தார். மூன்று, நாலு என்று வீரம் பேசிய பையன் ஒன்றிரண்டில் தவறி மைனஸுக்குப் போனான்.

கடைசியில் தாளை வாங்கிக் கூட்டிப் பார்த்த அண்ணி, "நல்ல கணக்குடா இது, இனிமே இதுலயே ஆடலாம்" என்றார். பையன் பழைய கணக்கே போதும் என்கிறான்.