ஓசூர் மாமாவும் ஒரு வகுப்பு மருமக்களும்

கிருஷ்ணகிரியில் ஒரு கல்லூரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பரீட்சை நெருங்குகிறதா, அசைன்மென்ட் கொடுத்திருக்கிறார்களா என்பதெல்லாம் கடை வாசலில் நிற்கும் வண்டிகளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். "மைக்ரோ ஜெராக்ஸ் எடுக்கப்படாது" என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். அதைப் படித்துவிட்டு, "மைக்ரோ வேணாம்ணா, கொஞ்சம் சின்னதா மட்டும் எடுத்துக் குடுங்க" என்று கேட்கும் ஆள் ஒவ்வொரு செமஸ்டரிலும் தவறாமல் வருவான்.

இது 2025 மார்ச் கடைசியில் நடந்தது. பி.காம். பிள்ளைகளுக்கு முதலீட்டுப் பாடத்தில் ஒரு அசைன்மென்ட். கற்பனையாக ஒரு லட்சம் ரூபாய், கம்பெனிக்கு 20,000 என்று ஐந்து கம்பெனிப் பங்குகளில் போட வேண்டும், எந்தத் தேதியில் என்ன விலைக்கு வாங்கினோம், ஏன் வாங்கினோம், இரண்டு வாரத்தில் லாபமா நஷ்டமா என்று எழுத வேண்டும். பத்து மார்க், இன்டர்னலில் சேரும். நல்ல அசைன்மென்ட்தான், நான் படிக்கும்போது இப்படி ஒன்று கொடுத்திருந்தால் எஸ்ஐபி (மாசாமாசம் ஒரு தொகையை முதலீடு செய்வது) என்ற வார்த்தையைத் தெரிந்துகொள்ள எனக்கு முப்பது வயது ஆகியிருக்காது.

கடைசி நாள் காலையில் ஒரு பையன் வாட்ஸ்அப்பில் ஃபைல் அனுப்பி பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனான். பின்னாலேயே இன்னொருத்தன். "ஃபைல் அனுப்புப்பா" என்றால், "இப்ப ஒருத்தன் எடுத்தான்ல, அதுலயே பேரையும் ரோல் நம்பரையும் மட்டும் மாத்திடுங்கண்ணா" என்கிறான். அப்புறம் வந்தவர்கள் இதைக்கூடச் சொல்லவில்லை, துண்டுச்சீட்டில் பேரை எழுதி நீட்டினார்கள், ரேஷன் கடை வரிசை மாதிரி அது பாட்டுக்கு நகர்ந்தது.

பிரிண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது சும்மா படித்துப் பார்த்தேன். ஐந்து பங்குகளையும் மார்ச் 14, வெள்ளிக்கிழமை வாங்கியதாகப் போட்டிருந்தது. அன்றைக்கு ஹோலி. நம் ஊரில் ஹோலிக்கு ஏது லீவு, காலேஜும் நடந்தது, என் கடையும் திறந்திருந்தது, ஆனால் மும்பையில் மார்க்கெட் மூடியிருந்தது. பொங்கலன்று நாம் லீவு, அவர்கள் வியாபாரம் பண்ணுவார்கள், ஹோலியன்று அவர்கள் லீவு. நான் மாசம் 500 ரூபாய் போடுகிற பெரிய முதலீட்டாளர் என்பதால் இந்த லீவு லிஸ்ட் எல்லாம் எனக்கு அத்துப்படி.

மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வந்த தம்பியிடம் சொன்னேன். யோசித்தான். "அப்ப 15-ன்னு மாத்துங்கண்ணா." அது சனிக்கிழமை என்றேன். "சரி, 16?" ஞாயிற்றுக்கிழமை. "இவ்ளோ லீவு விட்டா நாடு எப்படிண்ணா முன்னேறும்? பழசே இருக்கட்டும், மேடம் தேதியெல்லாம் பாக்க மாட்டாங்க." காசைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

தேதியாவது பரவாயில்லை. எம்.ஆர்.எஃப். பங்கு பத்து வாங்கியிருந்தார்கள், மொத்தம் 20,000 ரூபாய்க்கு. 2023 ஜூனிலேயே ஒன்றின் விலை ஒரு லட்சத்தைத் தாண்டிய பங்கு அது. கையில் இருக்கும் மொத்தப் பணத்தையும் கொட்டினாலும் ஒன்றுகூட வராது, இவர்கள் ஆளுக்குப் பத்து வைத்திருந்தார்கள். ஆனால் எனக்குப் பிடித்தது டைட்டன்தான். ஏன் வாங்கினாய் என்ற இடத்தில், "மை மேட்டர்னல் அங்கிள் இஸ் வொர்க்கிங் இன் டைட்டன், ஓசூர். ஹி டோல்டு கம்பெனி இஸ் வெரி குட்" என்று முதல் பையன் உண்மையைத்தான் எழுதியிருந்தான். சாயங்காலத்துக்குள் அந்தத் தாய்மாமனுக்கு நாற்பது மருமக்கள். சீர் செய்தே அந்த மனுஷன் ஆண்டியாகியிருப்பார்.

ஒரே ஒரு பெண் மட்டும் சொந்தமாக எழுதிய ஃபைலோடு வந்தாள். "14 அன்று மார்க்கெட் விடுமுறை, எனவே 17 அன்று வாங்கினேன்" என்று இருந்தது. அவளும் டைட்டன்தான் வாங்கியிருந்தாள், ஆனால் காரணம் வேறு: அது டாடாவும் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் 1984-ல் சேர்ந்து தொடங்கிய கம்பெனி, இன்றைக்கும் கால் பங்குக்கு மேல் டிட்கோவிடம் இருக்கிறது என்று எழுதியிருந்தாள். அவள் போன ஐந்தாவது நிமிஷம் ஒருத்தன் வந்து கம்ப்யூட்டருக்குள்ளேயே தலையை விட்டு, "அந்தப் பொண்ணு ஃபைலு உங்க சிஸ்டம்ல இருக்கும்ல, ஒரு தடவ காட்டுங்கண்ணா, பாத்துட்டு உடனே மறந்துடறேன்" என்றான். இதற்குத்தான் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2015-ல் உள்தகவல் வர்த்தகத் தடை என்று, வெளியே வராத தகவலை வைத்து வியாபாரம் பண்ணக்கூடாதென்று விதியே போட்டு வைத்திருக்கிறது, அதுவும் உன் சிலபஸில்தான் வருகிறது, போய்ப் படி என்று அனுப்பினேன். "அது எந்த யூனிட்டுண்ணா?" என்று கேட்டான் பாருங்கள்.

மேடம் தேதி பார்த்தார். வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு வைத்துவிட்டார். அடுத்த நாள் கடையில் கூடிப் புலம்பியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது இது. ஒவ்வொருவரையும் கூப்பிட்டு ஒரே கேள்விதானாம்: "உங்க மாமா டைட்டன்ல எந்த டிபார்ட்மென்ட்?" ஒருவன் கேன்டீன் என்றிருக்கிறான், ஒருவன் செக்யூரிட்டி, ஒரு பெண் "போன மாசம் ரிட்டயர்டு ஆயிட்டாரு மேடம்" என்றிருக்கிறாள். எனக்கு மாமாவே இல்லை என்று ஒருத்தன் அழுதுவிட்டானாம்.

ஹோலி விஷயத்துக்கு ஒருவன் சொன்ன பதில்தான் உச்சம். "தீபாவளிக்கு லீவுன்னாலும் முகூர்த்த வர்த்தகம்னு ஒரு மணி நேரம் திறக்கறாங்கல்ல மேடம், ஹோலிக்கும் அப்படித்தான்னு நெனச்சேன்." மேடத்துக்கே சிரிப்பு வந்துவிட்டதாம், இவனாவது புத்தகத்தைத் திறந்து பார்த்திருக்கிறானே என்று. அந்தத் தைரியத்தில் பின்பெஞ்சில் இருந்து இன்னொருத்தன் எழுந்து, "எல்லாரும் ஒரே பங்குகள ஒரே அளவுல வெச்சிருந்தா தப்பா மேடம்? சென்செக்ஸ் மாதிரிப் பட்டியல்ல இருக்கற பங்குகளையே அதே அளவுல வாங்கற இன்டெக்ஸ் ஃபண்டு அப்படித்தான நடக்குதுன்னு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க" என்றிருக்கிறான். இந்தப் பையன் எதிர்காலத்தில் ஏதாவது கம்பெனி ஆரம்பித்தால் தயவுசெய்து யாரும் பங்கு வாங்காதீர்கள்.

மேடம் அசரவில்லை. "பங்கு பிரிப்பும் சொல்லிக் குடுத்திருக்கேனே. பத்து ரூபா முகமதிப்பு இருக்கற பங்கப் பத்தாப் பிரிச்சா ஒண்ணு ஒரு ரூபா, மொத்த மதிப்பு மாறாது. எனக்கு வந்தது ஒரே அசைன்மென்ட், மார்க் பத்து. நாற்பது பேருக்குப் பிரிச்சா தலைக்குக் கால் மார்க், எடுத்துக்கோங்க" என்றுவிட்டார். கொஞ்சம் கெஞ்சியதும் இரங்கி, திங்கட்கிழமைக்குள் அவரவர் தனியாக, கையால் எழுதிக் கொண்டுவந்தால் மறுபடி திருத்துகிறேன் என்றாராம்.

கையால் என்று சொன்னதில் உண்மையான நஷ்டம் எனக்குத்தான். பிரிண்ட் வருமானம் போய், லாங் சைஸ் பேப்பரும் நீலப் பேனாவும் விற்றதில் என்ன கிடைக்கும். சனிக்கிழமை சாயங்காலம் கடையைச் சாத்தப் போகும் நேரத்தில் நம்ம இன்டெக்ஸ் ஃபண்டு தம்பி வந்தான். கையில் யாரோ அழகான கையெழுத்தில் எழுதின ஆறு பக்கம்.

"அண்ணா, கலர் ஜெராக்ஸ் போட்டா நீல இங்க்ல எழுதின மாதிரியே வருமா?"

"பக்கம் பத்து ரூபா."

"நாற்பது பேருக்குன்னா எதாச்சும் கொறைப்பீங்களாண்ணா?"