மின்பகுளியா, இல்லையா? கரைந்த பிறகு நீரில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்

பிளஸ் டூ முடிவு வந்துவிட்டது. என்னைக் கரை சேர்த்தது வேதியியல்தான். தர்மபுரிப் பக்கம் தமிழ் வழியில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நீரில் கரைந்தாலோ உருகினாலோ அயனிகளாக, அதாவது மின்சுமை கொண்ட துகள்களாக இருந்து மின்சாரம் கடத்தும் சேர்மம்தான் மின்பகுளி. மின்பகுளி, மின்பகுளி அல்லாதவை என்ற பிரிவை ஒரு மதிப்பெண் சமாச்சாரமாக ஒதுக்காதீர்கள். கரைசல்கள், அயனிச் சமநிலை, மின்வேதியியல், அணைவுச் சேர்மங்கள் எல்லாவற்றிலும் அதுதான் அடியில் கிடக்கிறது.

டியூஷனில் அச்சடித்த பட்டியல் ஒன்றைத் தந்து ஒப்பிக்கச் சொன்னார்கள். காரணம் ஒரு வரிகூட இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. காரணம் தெரிந்தால் பட்டியலே தேவைப்படாது.

நான் செய்தது இதுதான்: சேர்மத்தின் பெயருக்குக் கீழே, அது நீரில் கரைந்த பிறகு என்னவாக இருக்கிறது என்று எழுதினேன். சோடியம் குளோரைடா? சோடியம் அயனி, குளோரைடு அயனி. குளுக்கோஸா? குளுக்கோஸ் மூலக்கூறேதான். "கரைகிறதா" என்பது வேறு கேள்வி. சர்க்கரையும் யூரியாவும் நன்றாகவே கரைகின்றன, அயனி தருவதில்லை.

எங்கள் மாவட்டத்தில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். அதனால் நீரில் மொத்தம் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று சோதிக்கும் டிடிஎஸ் மீட்டர் இங்கே பலரிடம் இருக்கும். அது உண்மையில் அளப்பது மின்கடத்தலை. சுத்திகரித்த நீரில் சர்க்கரை போட்டு அதை வைத்துப் பாருங்கள், எண் அசையாது. ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் எகிறும். வினிகர் சில சொட்டு விட்டால் ஏறும், ஆனால் உப்பின் அளவுக்குத் தாவாது. வலிமை குறைந்த மின்பகுளி என்றால் என்ன என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது. அசிட்டிக் அமிலத்தில் சிறு பகுதியே அயனியாகிறது. (ஃபுளோரைடு மட்டும் எவ்வளவு என்று அந்தக் கருவி சொல்லாது, எல்லா அயனிகளையும் சேர்த்துத்தான் காட்டும்.)

சறுக்கும் இடங்கள்:

- திண்ம உப்பு மின்சாரத்தைக் கடத்தாது, ஆனாலும் மின்பகுளிதான். உருக்கினாலோ கரைத்தாலோ கடத்தும்.
- தாமிரமும் கிராஃபைட்டும் கடத்தும், மின்பகுளி அல்ல. அங்கே நகர்வது எலக்ட்ரான்.
- ஹைட்ரஜன் குளோரைடு சகப்பிணைப்புச் சேர்மம், அதாவது அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்து பிணைந்தது. நீரில் வலிமை மிகு மின்பகுளி. ஹைட்ரஜன் ஃபுளோரைடு வலிமை குறைந்தது.
- எத்தனாலில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதியைப் பார்த்துக் காரம் என்று நினைக்க வேண்டாம். அது பிரிவதில்லை.
- பேரியம் சல்பேட் மிகக் குறைவாகவே கரையும். கரைந்த அளவு அயனியாகவே இருக்கும்.

அணைவுச் சேர்மத்தை, அதாவது நடுவில் உள்ள உலோகத்தோடு அம்மோனியா போன்றவை பிணைந்திருக்கும் சேர்மத்தை விட்டுவிடாதீர்கள். மூன்று குளோரின் உள்ள கோபால்ட் அணைவில் ஆறு அம்மோனியா இருந்தால் நீரில் 4 அயனிகள் கிடைக்கும். மூன்று அம்மோனியா மட்டும் இருந்தால் மூன்று குளோரினும் உலோகத்தோடே பிணைந்துவிடும். அயனியே இல்லை, எனவே அது மின்பகுளி அல்ல.

கரைபொருளால் நீரின் உறைநிலை எவ்வளவு குறைகிறது என்ற உறைநிலைத் தாழ்வுக் கணக்கிலும், கரைந்த பிறகு என்ன இருக்கிறது என்ற வரியை முதலில் எழுதுங்கள். வாண்ட் ஹாஃப் காரணி, அதாவது ஓர் அலகு சேர்மம் கரைந்து தரும் துகள்களின் எண்ணிக்கை, முழுப் பிரிகையில், குளுக்கோஸுக்கு 1, சோடியம் குளோரைடுக்கு 2, கால்சியம் குளோரைடுக்கு 3. பிறகுதான் சூத்திரம்.