பனி பெய்த நாளில் ஒரு பேல் ஏல்

காலையில் கதவைத் திறந்தால் வாசல்படி தெரியவில்லை, அவ்வளவு பனி. வெளியே போகும் வேலையும் இல்லை. மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி), ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ), நொதிக்கவைக்கும் ஈஸ்ட் மூன்றும் கைவசம் இருந்தன. சரி, சமையலறை அடுப்பிலேயே 5 லிட்டர் பேல் ஏல் (ஒரு வகை பீர்) போட்டுவிடலாம் என்று இறங்கிவிட்டேன்.

8 லிட்டர் தண்ணீரை 70 டிகிரிக்குச் சூடாக்கி அடுப்பை அணைத்தேன். உள்ளே துணிப்பையை விரித்து 1.2 கிலோ பேல் மால்ட்டும் நிறத்துக்கும் லேசான இனிப்புக்கும் 100 கிராம் கிரிஸ்டல் மால்ட்டும் கொட்டிக் கட்டியில்லாமல் கிளறியதும், சூடு 67-க்கு வந்து நின்றது. மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகளில் ஒன்றுக்கு 65-க்குக் கீழே தோது, இன்னொன்றுக்கு 70-ஐ ஒட்டி. 67-இல் இரண்டும் வேலை செய்யும். பாத்திரத்தைக் கம்பளியால் சுற்றி வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 65. இந்தக் குளிரில் அதுவே திருப்தி.

மால்ட் பையைத் தூக்கி வடித்துவிட்டு, மிஞ்சிய இனிப்புச் சாற்றை (இதுதான் வோர்ட்) கொதிக்க வைப்பதுதான் வீட்டுக்குள் சிரமம். மூடி போடக் கூடாது. மூடினால் வேகவைத்த சோளம் மாதிரி ஒரு வாடை பீரிலேயே தங்கிவிடும். ஒரு மணி நேரத்தில் ஒன்றே முக்கால் லிட்டர் ஆவியானது. ஜன்னல் கண்ணாடியில் நீர் கோடு கோடாக வழிந்தது. குளிர் உள்ளே வந்தாலும் பரவாயில்லை என்று ஒரு ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்புக்கு மேலிருக்கும் மின்விசிறியையும் ஓடவிட்டேன். ஹாப்ஸ் எல்லாமே காஸ்கேட் என்ற ஒரே வகை: கொதி வந்ததும் 7 கிராம், கடைசிப் பத்து நிமிடத்துக்கு 10 கிராம், அடுப்பை அணைத்ததும் இன்னொரு 10. முதலில் போட்டது கசப்புக்கு, மற்றவை மணத்துக்கு.

அப்புறம் ஆறவைப்பது. இதைத்தான் முக்கியமாக எழுத நினைத்தேன். போன முறை பாத்திரத்தைத் தூக்கிப்போய் வெளியே பனிக்குவியலில் புதைத்துவைத்தேன். அரை மணி கழித்தும் தொட முடியாத சூடு. பாத்திரத்தைச் சுற்றி விரல் அகலத்துக்குப் பனி உருகி, வெறும் இடைவெளிதான் இருந்தது. புதுப்பனியில் பெரும்பகுதி காற்றுதான். அது கம்பளி மாதிரி சூட்டைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. இந்த முறை ஒரு பெரிய தொட்டியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, அதில் பனியை அள்ளிப்போட்டுக் கூழாக்கி, மூடிய பாத்திரத்தை நடுவில் இறக்கினேன். தொட்டித் தண்ணீரை ஒரு கரண்டியால் சுழற்றிக்கொண்டே, உருக உருகப் பனி போட்டேன். 25 நிமிடத்தில் 19 டிகிரி! ஒரு கிலோ பனி உருகுவதற்கே 80 கிலோகலோரி வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். 5 லிட்டரைக் கொதிநிலையிலிருந்து 20-க்கு இறக்க 400 வேண்டும். அதாவது ஐந்து கிலோ பனி. கேட்கக் கொஞ்சம்தான், அள்ளினால் வாளி வாளியாகப் போகிறது. மூடியைத் திறந்து பனியை உள்ளே மட்டும் விழவிடாதீர்கள். ஆறிய வோர்ட்டில் எந்தக் கிருமி விழுந்தாலும் வளர்ந்துவிடும்.

வோர்ட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.050 காட்டியது (தண்ணீர் 1.000; சர்க்கரை ஆல்கஹாலாக மாற மாற இது இறங்கும்). கிருமிநீக்கிய ஜாடியில் ஊற்றி நன்றாகக் குலுக்கி, யுஎஸ்-05 உலர் ஈஸ்ட் 4 கிராம் தூவினேன்.

இரண்டாம் நாள்: ஏர்லாக்கில் (வாயுவை வெளியே மட்டும் விடும் நீர் அடைப்பு) ஒரு குமிழி கூட இல்லை. ஜாடி இருந்த தரை 14 டிகிரி. மேசைக்கு மாற்றிப் போர்வை சுற்றினேன். மறுநாள் காலை இரண்டு விரல் உயரத்துக்கு நுரை, 19 டிகிரி. பார்க்கவே அவ்வளவு சந்தோஷம்.

14-ஆம் நாள்: 1.011. மூன்று நாள் கழித்தும் அதேதான், அதாவது நொதித்தல் முடிந்தது. கணக்குப்படி ஆல்கஹால் 5.1 சதவீதம். பாட்டிலுக்குள் வாயு உண்டாக 30 கிராம் சர்க்கரையைத் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆற்றிக் கலந்து, 13 பாட்டிலில் அடைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து நேற்று முதல் பாட்டில். திறந்ததும் பம்பளிமாஸ் தோலை உரித்த மாதிரி மணம். வெள்ளை நுரை கடைசி வாய் வரை கிளாஸில் ஒட்டியிருந்தது. கசப்பு மட்டும் நாக்கின் பின்பக்கம் கொஞ்சம் அதிகமாகத் தங்குகிறது. அடுத்த முறை முதல் 7 கிராமை 5 ஆக்கி, மிஞ்சும் 2 கிராமைக் கடைசியில் சேர்த்துப் பார்க்கப் போகிறேன்.