சவுக்குத் தோப்பில் ஒரு ராத்திரி, ஊர்க் கடற்கரையில் ஒரு ராத்திரி

தைப்பூசத்துக்கு வடலூர் போய் ஜோதி பார்த்துவிட்டு வந்த சித்தி, "சபைக்கு வெளியே பாய் விரிச்சுப் படுத்தேன் பாரு, அந்த மாதிரி தூக்கம் வீட்டில் வந்து எத்தனையோ வருஷம் ஆச்சு" என்றார். என் மகளுக்குப் பத்து வயது. அவள் ஏற்கெனவே கூடாரம், கூடாரம் என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள். சித்தி சொன்னதைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை நான், என் கணவர், மகள், சித்தி நான்கு பேரும் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்து இரண்டு ராத்திரிக்குக் கிளம்புவது என்று முடிவானது.

எங்கே தங்குவது என்பதுதான் ஐந்து நாள் பேச்சு. அமெரிக்காவில் இருக்கும் அண்ணனைக் கேட்டேன். அங்கே இதற்குத் தெளிவான கணக்கு இருக்கிறது. தேசியப் பூங்காக்களில் அரசாங்கமே கூடாரம் அடிக்க இடம் ஒதுக்கித் தருகிறது. வாடகை குறைவு, மரமும் இடைவெளியும் அதிகம், வசதிகள் கம்மி. நல்ல இடங்களுக்கு ஆறு மாதம் முன்பே பதிவு திறந்துவிடும், அன்றைக்கே பிடித்தால்தான் உண்டு. தனியார் இடங்களில் மின்சாரம், வெந்நீர், துணி துவைக்கும் எந்திரம், சில இடங்களில் நீச்சல் குளம்கூட இருக்கும். 1962இல் மொன்டானாவில் தொடங்கிய கேஓஏ என்ற நிறுவனம் இதையே நாடு முழுக்க நடத்துகிறது. "அமைதி வேணும்னா அரசாங்கம், குளியல் வேணும்னா தனியார்" என்று அண்ணன் முடித்துவிட்டான்.

நம் பக்கத்தில் அந்தக் கணக்கு செல்லவில்லை. அரசு விடுதி ஒன்றுக்குப் போன் செய்து, கூடாரம் அடிக்க இடம் கிடைக்குமா என்று கேட்டேன். எதிர்முனையில் இருந்தவர், "ரூம் இருக்கு மேடம், கூடாரம் எதுக்கு?" என்று உண்மையாகவே புரியாமல் கேட்டார். பிச்சாவரம் காப்புக்காடு. பகலில் படகில் போகலாம், ராத்திரி உள்ளே தங்க முடியாது. தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரை எங்களுக்குப் பக்கம்தான். ஆனால் ராத்திரி அங்கே கூடாரம் போட்டால் ரோந்து போலீஸ் வந்து எழுப்பிவிடும் என்றார் கணவர். மிஞ்சியது புதுச்சேரி எல்லைக்குள் கடலோரத் தோப்புகளில் நடக்கும் தனியார் முகாம்கள்.

அப்போதுதான் சித்தி இன்னொரு வழி சொன்னார். அவருக்கு இருபது வருடமாக மீன் கொண்டுவரும் அக்கா ஒருவர் இருக்கிறார். கடலூருக்கும் பரங்கிப்பேட்டைக்கும் நடுவில் உள்ள ஒரு மீனவ ஊர் அவருக்கு. "எங்க ஊர்ல வந்து படுங்களேன், யாரு வேணாங்கிறா? ஊர்ல ஒரு வார்த்தை கேட்டுடணும், அவ்வளவுதான்" என்று அவர் எப்போதோ சொல்லியிருந்தாராம். சரி, வெள்ளி ராத்திரி தனியார், சனி ராத்திரி ஊர் என்று வைத்துக்கொண்டோம்.

முள்ளோடை எல்லை தாண்டியதும் சாலையோரம் மதுக்கடைகள் வரிசையாகத் தொடங்கிவிடும். இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் தனியார் முகாம் தேடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அது எந்த எல்லைக்குள் இருக்கிறது என்பதைத்தான். கடலூர் மாவட்டமும் புதுச்சேரியும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கின்றன. புதுச்சேரிப் பக்கம் சரக்கு விலை குறைவு என்பதால் வார இறுதியில் வருகிறவர்களில் பாதிப் பேர் அதற்காகவே வருகிறார்கள். எனக்கு அது அன்றைக்கு ராத்திரிதான் உறைத்தது.

நாங்கள் போன தோப்பு பார்க்க அழகு. வரிசையாக இருபது கூடாரம், தரையில் மெத்து மெத்தென்று சவுக்குச் சருகு, ஒரு சின்ன மேடு ஏறினால் கடல். பெரியவர்களுக்கு ஆளுக்கு 1,400 ரூபாய், பிள்ளைக்குப் பாதி. சாப்பாடும் அதில் சேர்த்தி. முழங்கால் வலியோடு இருக்கும் சித்திக்கு உட்கார்ந்து எழும் கழிப்பறை இருந்தது, உள்ளே பளிச்சென்று விளக்கு, கதவுக்குச் சரியான தாழ்ப்பாள். வீட்டில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயம். ஒரு பெண்பிள்ளையையும் வயதானவரையும் கூட்டிக்கொண்டு வெளியே படுக்கப் போகிறவளுக்கு இதுதான் முதல் விஷயம். வஞ்சிரம் வறுவல் நன்றாக இருந்தது. ஏழரை மணி வரைக்கும், அண்ணன் சொன்னதில் ஒன்றும் குறையில்லை என்றே நினைத்தேன்.

எட்டு மணிக்குப் பாட்டு தொடங்கியது. ஒன்பதுக்கு இன்னொரு கூட்டம் தன் பாட்டைப் போட்டது. மணலில் ஆள் உயரத்துக்கு நெருப்பு. கடலைப் பார்த்து ஒரு பெரிய விளக்கு. பதினொன்றரைக்கும் ஓயவில்லை. மகள் என் மடியில் காதைப் பொத்திக்கொண்டு படுத்திருந்தாள். யாரிடமாவது சொல்லலாம் என்று போனால் பொறுப்பாளர் வீட்டுக்குப் போயிருந்தார், போன் அணைந்திருந்தது. காவலுக்கு ஒரு பெரியவர் மட்டும் இருந்தார்.

"நான் சொன்னா கேக்க மாட்டாங்கம்மா, காசு கட்டினவங்க" என்றார். அப்புறம், "உங்க ரெண்டு கூடாரத்தையும் அந்தக் கடைசிக்கு மாத்தித் தரேன், வாங்க" என்று எழுந்தார்.

ஒரு மணி நேரம் அவரும் என் கணவருமாகச் செய்தார்கள், நான் டார்ச் பிடித்தேன். அவர் முன்பு கடலுக்குப் போனவர். கூடாரத்தோடு வந்த இரும்புக் குச்சிகளை எடுத்துப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்துவிட்டார். மணலில் ஆப்பு நிற்காது என்றார். காய்ந்த தென்னை மட்டையை முழ நீளத்துக்கு ஒடித்து, நடுவில் கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டி, மட்டையைப் படுக்க வைத்து மூடி மிதித்தார். கணவர் பலம் கொண்ட மட்டும் இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. வாசலை வாடைக்கு முதுகு காட்டி வைத்தார். தென்னை மரத்தடியில் எப்போதும் படுக்காதே என்றார். கூடாரத்தின் ஜிப்பைக் காலை வரைக்கும் திறந்து போடாதே என்று மூன்று தடவை சொன்னார். காரணம் கட்டுவிரியன். ராத்திரி தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும் பாம்பு அது. பல நேரம் கடித்தது தெரியக்கூடத் தெரியாது.

போகும்போது அந்த விளக்கைப் பார்த்து, "பங்குனி ஆமை கரையேறுற காலம்மா இது. இவ்வளவு வெளிச்சத்துல எது ஏறும்?" என்றார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அந்த வெளிச்சத்துக்கும் சேர்த்துத்தானே நான் பணம் கட்டியிருந்தேன்.

காலையில் எழுந்தால் மேலே போர்த்தியது எல்லாம் ஈரம். மழை இல்லை. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று சித்தி சொல்லிக்கொண்டே போர்வையைப் பிழிந்தார். வெளியே பனி என்றால் உள்ளே எங்கள் மூச்சு. எல்லாப் பக்கமும் இறுக மூடியதால் மூச்சுக்காற்றின் ஈரம் துணியில் பட்டுச் சொட்டியிருந்தது. மேலே இருக்கும் வலைச் சன்னலைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். கொசு வராது, காற்று போகும்.

சனிக்கிழமை மதியம் தெற்கே வந்தோம். அக்கா சாலைக்கே வந்து நின்றிருந்தார். வலை பின்னும் கொட்டகையில் ஊர்ப் பெரியவர்கள் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எந்த ஊர், என்ன வேலை, எத்தனை பேர், குடிப்பீர்களா என்று நேராகக் கேட்டார்கள். எனக்கு அந்தக் கேள்விகள் பிடித்திருந்தன. முந்தைய இடத்தில் பணம் வந்துவிட்டதா என்பதைத் தவிர யாரும் எதுவும் கேட்கவில்லை. மணலில் நெருப்பு வேண்டாம், பாட்டில் வேண்டாம், கடலைப் பார்த்து விளக்கு வேண்டாம் என்றார்கள். படகு இழுக்கும் வழியில் கயிறு கட்டக்கூடாது, விடியற்காலை மூன்று மணிக்குப் படகுகள் இறங்கும். கோயில் மதில் ஓரமாக, புயல் பாதுகாப்புக் கட்டடத்துக்குப் பக்கத்தில் இடம் காட்டினார்கள். எங்கள் நான்கு பேரின் பெயரையும் போன் நம்பரையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, காவல் நிலையத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடச் சொன்னார்கள்.

கடற்கரை அரசுப் புறம்போக்கு, யாருக்கும் சொந்தமில்லை என்று நாம் நினைக்கிறோம். அங்கே போய் நின்றால்தான் தெரியும். 2004 சுனாமியையும் 2011 டிசம்பர் 30 தானே புயலையும் அந்த மணலில் நின்று பார்த்தவர்கள் அவர்கள். அவர்கள் சொல்லும் இடத்தில்தான் படுக்க வேண்டும்.

வாடகை எதுவும் வாங்கவில்லை. கோயில் உண்டியலில் கொஞ்சம் போட்டோம், மீன் வாங்கினோம். குடிக்கத் தண்ணீர் இரண்டு கேன் கொண்டுபோயிருந்தோம். கழிப்பறைக்கு அக்கா வீடு, இருநூறு அடி நடக்க வேண்டும். சித்திக்கு அதுதான் கஷ்டம். ராத்திரி இரண்டு தடவை அவரைக் கைப்பிடித்துக் கூட்டிப் போனேன்.

மட்டை கட்டிப் புதைக்கும் வித்தையை மகள்தான் இந்தத் தடவை செய்தாள். ஒன்பது மணிக்கெல்லாம் ஊர் அடங்கிவிட்டது. அந்த அமைதி எனக்குப் பயமாக இருந்தது, மறைக்காமல் சொல்கிறேன். வேலி இல்லை, வாசல் இல்லை. நாய் குரைத்தால் எழுந்து உட்கார்ந்தேன். நடுராத்திரியில் டார்ச் வெளிச்சம் ஒன்று கிட்டே வந்தது. "யாரு, மீன்கார அக்கா வீட்டு ஆளுங்களா? தூங்குங்க, தூங்குங்க" என்று ஒரு குரல் சொல்லிவிட்டுப் போனது. அதற்குப் பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

மூன்று மணி இருக்கும், அக்காவின் தம்பி கூடாரத்தைத் தட்டினார். "பாப்பாவை எழுப்புங்க. டார்ச் வேணாம்." தேய்பிறை நிலா வெளிச்சத்தில் அரைக் கிலோமீட்டர் நடந்தோம். ஆமை முட்டைகளைப் பாதுகாக்கும் வனத்துறை ஆட்கள் இருவர் சிவப்பு விளக்கோடு உட்கார்ந்திருந்தார்கள். டிராக்டர் சக்கரம் ஏறிவந்ததுபோல் கடலில் இருந்து ஒரு தடம். அதன் முடிவில் பங்குனி ஆமை, பின்கால்களால் மணலை அள்ளி அள்ளிக் குழியை மூடிக்கொண்டிருந்தது. மூடியதும் உடம்பையே தூக்கித் தூக்கிப் போட்டு மணலை இறுக்கியது. திரும்பிக் கடலுக்குப் போகக் கால்மணி நேரத்துக்கு மேல் ஆனது. சித்தி கையெடுத்துக் கும்பிட்டார்.

அது போன பிறகு முட்டைகளைத் தோண்டி எண்ணி எடுத்தார்கள். நூற்றுப் பன்னிரண்டு. நாய்களும் நரிகளும் தோண்டிவிடாமல் இருக்க, வேலி போட்ட பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைப்பார்களாம். நாற்பத்தைந்து முதல் அறுபது நாளில் குஞ்சு வரும். வெளியே வந்ததும் அது வெளிச்சமான பக்கத்தை நோக்கி ஓடும். இருட்டில் அதற்கு வெளிச்சம் என்றால் கடல்தான். கரையில் விளக்கு எரிந்தால் கரையைப் பார்த்து ஓடிச் செத்துப்போகும். மகள் திரும்பி வரும்போது கேட்டாள்: "அம்மா, நேத்து நாம இருந்த இடத்துல அந்த லைட் எரிஞ்சுதே?" நான், ஆமாம் என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிறு காலை பிச்சாவரம் போனோம். அரசுப் படகுத்துறையில் சீட்டு வாங்கித் துடுப்புப் படகில் ஒரு சுற்று. சுரபுன்னையின் தாங்குவேர்கள் தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்கும் வாய்க்கால்களுக்குள், வெயிலே இறங்காத நிழலில் போகலாம். சுனாமியின்போது இந்தக் காடு மறைத்து நின்ற ஊர்களுக்குச் சேதம் குறைவு என்று படகோட்டி கை காட்டினார். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்த இடம் இது. அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் இடம் என்றால் எனக்கு இப்படித்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது. எல்லோருக்கும் ஒரே சீட்டு, ஒரே விலை, ராத்திரியில் காட்டுக்கு ஓய்வு. இதன் கரையில், காட்டுக்கு வெளியே, பத்துக் கூடாரத்துக்கு ஒரு திடலும் நல்ல கழிப்பறையும் ஒரு காவலாளியும் அரசு கொடுத்தால் நான் முதல் ஆளாகப் பணம் கட்டுவேன்.

இப்போது யாராவது கேட்டால் என்ன சொல்வேன்? வயதானவர்களும் கைப்பிள்ளையும் இருந்தால் முதல் தடவை தனியாருக்கே போங்கள், கழிப்பறைக்காகவே போங்கள். ஆனால் முன்பணம் அனுப்புவதற்கு முன் கேளுங்கள். எத்தனை கூடாரம், எத்தனை கழிப்பறை, பாட்டு எத்தனை மணிக்கு நிற்கும், ராத்திரி இரண்டு மணிக்கு நான் கூப்பிட்டால் எழுந்து வருகிறவர் யார்? அந்தக் கடைசிக் கேள்விக்கு ஒரு ஆளின் பெயர் பதிலாக வரவில்லை என்றால் வேறு இடம் பாருங்கள். ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். புதுச்சேரிப் பக்கம் என்றால் ஜிப்மர், தெற்கே என்றால் சிதம்பரம் அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. பாம்புக் கடிக்கு வேறு வைத்தியம் தேடி நேரத்தைப் போக்காமல் நேரே அங்கேதான் போக வேண்டும்.

பொது இடம் என்றால், அங்கே தெரிந்தவர் ஒருவர் இருந்தால் மட்டும் போங்கள், ஊரைக் கேட்டுவிட்டுப் போங்கள். அந்த ஊரின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் அடுத்த வாரம் பத்துக் கார் வந்து நிற்கும், அந்த மணல் அதைத் தாங்காது.

புதன்கிழமை அக்கா வழக்கம்போல் மீன் கூடையோடு வந்தார். சங்கரா ஒரு கிலோ நிறுத்துப் போட்டுவிட்டு, மகளைக் கூப்பிட்டு, பொரிப்பகத்தில் அந்தக் குழிக்குத் தேதி எழுதிய குச்சி நட்டிருக்கிறார்கள் என்றார். பங்குனி பிறந்து பத்து நாளுக்குள் குஞ்சு வரும், வந்தால் தம்பி போன் செய்வான் என்றார். சித்தி ஜமுக்காளத்தைத் துவைத்துக் காயப்போட்டு எடுத்து வைத்துவிட்டார்.